குழாயில் பூசிய எண்ணெய்

எண்பதுகளின் நடுவில் சில மாதங்கள் என் அடிவயிற்றில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. தொப்புளுக்குக் கீழே ஒரு சின்னத் துளை. அதன் வழியாக உள்ளே போன குழாய் மூத்திரப்பையில் நின்றது. வெளியே தொங்கிய நுனி ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்தது. மனிதன் அடக்கிவைத்து, ஒதுங்கிப்போய்ச் செய்கிற காரியம் எனக்கு ஊரறிய நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது சீக்கிரமே பழகிவிட்டது. பழகாமல் கடைசிவரை கூடவே இருந்தது பயம்.

நான் அப்போது இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வாத்தியார் என்றாலும் குடியிருப்பு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான். அப்பா முன்பு இருந்த ஓர் அறைக் காம்பராவிலேயே நானும் மனைவியும் குடித்தனம் நடத்தினோம். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. ஒரு மழைநாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொழுந்து லொறி வளைவில் சறுக்கி, என்னை மண்மேட்டோடு சேர்த்து நசுக்கியது. இடுப்பெலும்பு உடைந்தது. சிறுநீர் போகிற வழியும் உள்ளே அறுந்துவிட்டது. கண்டிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அறுந்த வழியை உடனே தைக்க முடியாது, உள்காயம் ஆறிய பிறகுதான் ஆப்பரேஷன், அதுவரை வயிற்றுக் குழாய்தான் வழி என்று சொல்லிவிட்டார்கள்.

வார்ட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் ராகலையில் இருந்து வந்த ஒருவர் இருந்தார். மரக்கறித் தோட்டக்காரர், அறுபது வயதிருக்கும், வாயாடி. அவருக்கும் குழாய். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்த நாட்களில் அவர்தான் என்னைப் பேசவைத்தார்.

"என்னங்க வாத்தியாரே, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு? நம்ம லயத்துல யாருக்கு இப்படி வீட்டோட தனிக் கொழா போட்டுக் குடுத்திருக்காங்க சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்தவனுக்குச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த மனிதருக்கு ஒரு நண்பகலில் நடுக்கம் கண்டது. வார்ட்டில் வெக்கை. எல்லோரும் விசிறிக்கொண்டு கிடந்தோம். அவர் மட்டும் "குளிருது தம்பி, குளிருது" என்றார். பிறகு பேச்சில்லை. பல் அடித்துக்கொண்டது. இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடியது. தாதிகள் ஓடிவந்தார்கள், ஊசி போட்டார்கள், போர்வை மேல் போர்வை போட்டார்கள். மறுநாள் நான் கண் விழித்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அன்று டொக்டர் வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிங்களவர், இளவயது, பொறுமைசாலி. எனக்கும் அப்படி ஆகுமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னார். குழாய் நல்லதுதான். ஆனால் அது உயிரில்லாத பொருள். ஓடையில் கிடக்கிற கல்லில் பாசி பிடிக்கிற மாதிரி கிருமிகள் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு வழுவழுப்பைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் பதுங்கிக்கொண்டால் மருந்து போய்ச் சேராது. ஒருநாள் அங்கேயிருந்து ரத்தத்தில் கலந்தால் நடுக்கம் வரும். அதனால்தான் குழாயை மாதாமாதம் மாற்றுகிறோம் என்றார்.

"ஒட்டாத மாதிரி ஒரு குழாய் செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வெளிநாட்டில் அதைத்தான் முயன்று பார்க்கிறார்கள் என்றார். குழாயின் மேல் வெள்ளி மாதிரி எதையாவது மெல்லிய பூச்சாகக் கொடுத்து, கிருமி வந்து உட்கார்ந்தால் அங்கேயே சாகிற மாதிரி. குழாய்க்கு மட்டுமல்ல, எலும்பில் வைக்கிற தகடு, ஆணி எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் பூச்சு உரியக்கூடாது, குழாயைக் கெடுக்கக்கூடாது, மனிதனுக்கு விஷமாகவும் கூடாது. அது லேசான காரியமில்லை.

"இங்கே எப்போது வரும்?"

"ஒயாட்ட நெமெய்" என்று சிரித்தார். உனக்கு இல்லை என்று அர்த்தம். போகும்போது என் காலைத் தட்டி, "பய வென்ன எபா" என்றார். பயப்படாதே என்பது உலகத்தில் எந்த மொழியில் சொன்னாலும் பிரயோசனமில்லாத வார்த்தை.

ஊன்றுகோலும் குழாயுமாக என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், கை கழுவாமல் குழாயைத் தொடக்கூடாது, காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. எங்கள் மலையில், அதுவும் தை மாதத்தில், நடுங்காத மனிதன் யார்? விடிந்தால் தகரக்கூரையில் பனி சொட்டும். பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுத்து வேலை வாங்க, போகிறவர்கள் வாயில் புகை விட்டுக்கொண்டு போவார்கள். கம்பளியும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கிற எனக்கு விரல் நுனி கொஞ்சம் ஆடினால் போதும், நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். இது குளிரா, அதுவா? அடுப்புக்கு முன்னால் போய் உட்காருவேன். நடுக்கம் நின்றால் குளிர். நிற்கும்வரை ராகலைக்காரரின் கட்டில் என் காதுக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே என் கையைப் பார்ப்பாள்.

"ஏங்க, ஒரு மாதிரியா இருக்கா?"

"இல்ல."

"கை ஆடுதே."

"குளிருல ஆடாம என்ன செய்யும்? ஒன் வேலையப் பாரு."

இப்படித்தான் பேசினேன். நோயாளிக்குக் கோபம் வருவது சகஜம் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் சாவு தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

டொக்டர் சொன்ன வெள்ளிப் பூச்சு விஷயத்தை நான்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் எடுத்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா அப்போது வந்திருந்தார். கொழுந்து பறிக்கிறவர். தினம் வேலை விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் ஒருமுறை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"வெள்ளியாவது கிள்ளியாவது" என்றார் அக்கா. "நம்ம மஞ்சளுக்கும் வேப்பெலைக்கும் சாகாத கிருமியா தம்பி? அம்மை போட்டா என்னத்த வச்சு ஆத்துறோம்?"

மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் விளக்கு எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் வாங்கிவந்தாள். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். தலைவலி, சுளுக்கு, பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல், எதுவானாலும் அந்த எண்ணெயில் ஒரு சிலுவை வரைந்துவிட்டுத்தான் மறு வேலை. அக்கா அதில் வேப்பிலையையும் மஞ்சள் துண்டையும் போட்டுக் காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தார். மாரியம்மனும் மாதாவும் ஒரே போத்தலுக்குள் வந்துவிட்டார்கள். மனைவி கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, குழாய் வயிற்றிலிருந்து வெளிவரும் இடத்தில் விரலால் சிலுவை வரைந்தாள். பிறகு குழாய் நெடுகத் தடவிக்கொண்டே கீழே வந்தாள்.

நான் தடுத்திருக்கலாம். பிள்ளைகளுக்குக் கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் நான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ ஒருவர் எனக்காக அந்தக் குழாயோடு சண்டை போடுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து தினம் விடியற்காலை, நான் கண் திறப்பதற்கு முன்பே, அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணெய் பூசுவாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா என்னைப் பார்க்க வருகிற நாளில் மட்டும் துணியால் துடைத்துவிடுவாள், ஏச்சு வாங்கவேண்டாம் என்று.

காய்ச்சலும் வரவில்லை. எனக்கு அந்த எண்ணெயின் மேல் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. குழாய் கொஞ்சம் தடித்து, கையில் ஒட்டுகிற மாதிரி ஆகியிருப்பதைக் கவனித்தேன். நிறமும் மாறியிருந்தது. மஞ்சள்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதக் குழாய் மாற்றத்துக்கு இன்னும் சில நாள் இருந்தபோது, ஒருநாள் மதியம் இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் காய்ந்துவிட்டு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தேன். வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. வலியில்லை. மீன் கையிலிருந்து வழுக்குவதுபோல ஒரு வழுக்கல். குனிந்து பார்த்தால் குழாய் முழுதாக வெளியே வந்து, பையோடு சேர்ந்து தரையில் கிடந்தது. துளையிலிருந்து சூடாக வழிந்து வேட்டி நனைந்தது. நான் போட்ட சத்தத்துக்கு லயமே வெளியே வந்தது.

அந்தக் குழாயின் உள்நுனியில் ஒரு சின்னப் பலூன் உண்டு. அதில் தண்ணீர் நிரப்பி வைப்பதால்தான் குழாய் வெளியே வராமல் நிற்கும். டிஸ்பென்சர் ஐயா ஓடிவந்து பார்த்தார். பலூன் சுருங்கிக் கிடந்தது.

"இது என் கையால ஆகுற காரியமில்ல" என்றார். "தொளை மூடிக்கிட்டா மூத்திரம் போக வழியே கெடையாது. மறுபடி வயித்தக் கிழிக்கணும். இந்த ஒடம்பு அதத் தாங்குமான்னு எனக்குத் தெரியல. இப்பவே கெளம்புங்க."

துளையின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்துக் கட்டினார். துணி நனைந்துகொண்டே இருக்கிறவரை துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம், காய்ந்துவிட்டால்தான் ஆபத்து என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். என் காதிலும் விழுந்தது.

அன்று பஸ் இல்லை. நாட்டில் ஹர்த்தால் என்று அடிக்கடி கடை சாத்தி, பஸ் நின்றுபோகிற காலம் அது. தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. என்னை நசுக்கிய அதே லொறி, அதே டிரைவர். அந்த மனிதர் அதற்குப் பிறகு என் கண்ணில் படாமல் குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தவர். தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டு வண்டியை எடுத்துவந்து, என் முகத்தைப் பார்க்காமலே என்னைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார். மனைவி என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

லொறிச் சத்தம் கேட்டாலே உடம்பு கூசுகிறவன் நான். டிரைவர் என்னைவிடப் பயந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து, ஆமை மாதிரி இறக்கினார்.

"அண்ணே, வேகமா போங்க" என்றேன்.

"ரோட்டு ஈரமா இருக்கு வாத்தியாரே."

"பரவாயில்ல. போங்கண்ணே."

ஹட்டன் தாண்டும்வரை துணி நனைந்துகொண்டிருந்தது. மனைவி நொடிக்கொருதரம் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நனைஞ்சிருக்கு" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்க நான் காத்திருந்தேன். வேட்டியில் மூத்திரம் போவதற்காக ஒரு மனிதன் கர்த்தருக்கு நன்றி சொல்லமுடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கினிகத்தேனை இறக்கத்தில் துணி லேசான ஈரமாகத்தான் இருந்தது. நாவலப்பிட்டி வந்தபோது அவள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.  அடிவயிறு கல்லாக இறுகிக்கொண்டு வந்தது. கம்பளையில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பாதையில் ஒரு நாய்கூட இல்லை. நான் செத்தால் இந்தப் பெண் இந்த லொறியில்தான் என்னைத் திரும்பக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. டிரைவரும் அழுதுகொண்டுதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் இருந்தது என் அதிர்ஷ்டம். துளை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது. மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டுத் துளையைப் பெரிதாக்கி, புதுக் குழாயை உள்ளே செலுத்தினார். என்னை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். பை நிறையும் சத்தம் கேட்டபோது உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர், மனைவி துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய குழாயை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பார்த்தார். அது ஜவ்வு மாதிரி இழுபட்டது.

"மொனவத காவே?" என்று கேட்டார். என்ன பூசினீர்கள் என்கிறார்.

மனைவிக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். அவள் முகம் வெளிறிப்போனது. நான் முந்திக்கொண்டு, "மம தமய் தெல் காவே" என்றேன். எண்ணெய் பூசியது நான்தான் என்று.

அவர் ஏசவில்லை. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, அது ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்துத் தின்றுவிடும் என்றார். பலூனுக்குத் தண்ணீர் போகிற பாதை வெடித்து, தண்ணீர் கசிந்து, பலூன் சுருங்கிவிட்டது. "நான் சொன்ன பூச்சை நீங்களே செய்துபார்த்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு குழாயின் உள்நுனியைக் காட்டினார். அங்கே சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகப் படிந்திருந்தது. எண்ணெய் வெளியேதான் இருந்தது, கிருமிகள் உள்ளே தங்கள் பாட்டுக்குக் குடியிருந்திருக்கின்றன. நான் நம்பியிருந்த அத்தனை நாளும் என்னை எதுவுமே காக்கவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்தில் நடுக்கம் வந்தது. வந்ததும் தெரிந்துவிட்டது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதுகுத்தண்டில் தொடங்கி, யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் உடம்பு முழுவதும் ஆடியது. என் கட்டில் கடகடத்தது. ராகலைக்காரருக்கு இப்படித்தான் இருந்திருக்கும், அவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார் என்று நினைத்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. ஊசி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி மறைத்து வைத்திருந்தாள்.

"ஏங்க நீங்க பூசுனதா சொன்னீங்க?" என்றாள்.

"ஒன்னைய ஏசுவாருன்னுதான்."

"ஏசட்டுமே. நான்தானே பூசுனேன்."

"சரி விடு. நல்லதுன்னு நெனச்சுத்தானே பூசுன. கிருமி சாகட்டும்னு."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். 

"கிருமிக்கெல்லாம் இல்லைங்க" என்றாள். "நீங்க நேரங்கழிச்சுத்தான் எந்திரிப்பீங்க. நான் எந்திரிச்சுப் பாத்தா அசையாம கெடப்பீங்க. கம்பளிக்குள்ள மூச்சு வர்றதும் தெரியாது. பையப் பாத்தா நெறஞ்சிருக்கும். அது எப்ப நெறஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம குளுருக்கு எல்லாம் ஒரு நிமிசத்துல ஆறிடும். கொழாயத் தொட்டாத்தான் தெரியும். சூடா இருந்தா, இப்ப வந்ததுன்னு அர்த்தம். சும்மா தொட்டா முழிச்சுக்கிட்டு ஏசுவீங்க. எண்ணெய்ன்னா பேசாம இருப்பீங்க. அதான்."

 இத்தனை மாதமாக அந்தக் காம்பராவில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். என் பயம் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. தினம் விடியும்போது நான் செத்திருக்கிறேனா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அடுப்பு மூட்டி, எனக்குத் தேநீர் ஊற்றித் தந்திருக்கிறாள்.

"இனிமே தொடக் கூடாதுன்னு டொக்டரு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"எண்ணெய்தான் கூடாதுன்னாரு. கை கழுவிட்டுத் தொடலாம்."

எழுந்து வார்ட்டின் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவதைக் கட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். ஈரக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்துவந்தாள். புதுக் குழாயை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க" என்றாள்.